வெள்ளிக்கிழமை படகு இல்லை

"மாலத்தீவுக்குப் போகிறோம்" என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எந்த ரிசார்ட்?" அப்பா மட்டும், "படகு எத்தன மணிக்குலே?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு 72 வயது. தூத்துக்குடித் தோணிகளில் முப்பது வருஷம் ஓடியவர். அதில் கடைசிப் பத்து வருஷம் தண்டல், அதாவது தோணியின் தலைவர். வெங்காயம், செங்கல், சிமென்ட், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலேக்கு எத்தனையோ நடை போய்வந்திருக்கிறார். ஆனால் அவர் கண்ட மாலத்தீவு, மாலே துறைமுகத்தின் கரைச்சுவரும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களும்தான். சரக்கு இறங்கி முடியும்வரை சமையலும் படுக்கையும் தோணியிலேயே. மற்றத் தீவுகள் எல்லாம் போகிற வழியில் தெரிந்து மறைந்த பச்சைக் கோடுகள். அந்தக் கோடுகளில் ஒன்றிலாவது அவரை இறக்கி நடக்கவிட வேண்டும் என்று எனக்குப் பல வருஷ ஆசை. பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் ரிசார்ட் கட்டுப்படியாகாது. பேக்கேஜ் எதுவும் வாங்காமல் நாமே ஏற்பாடு செய்து போகலாமா என்று விசாரித்தபோதுதான், போகலாம் என்பதும், அதற்கு முதலில் பார்க்க வேண்டியது படகு நேரத்தைத்தான் என்பதும் புரிந்தது.

மாலத்தீவில் 1972இல் முதல் ரிசார்ட் திறந்தார்கள். அதன் பெயர் குரும்பா. திவேஹி மொழியில் இளநீர்க் காய் என்று பொருள், நம் குரும்பையேதான். அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்கு ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே வழக்கம். சுற்றுலாப் பயணிக்கு ஆளில்லாத தீவு, உள்ளூர்க்காரர்களுக்கு ஊர்த்தீவு என்று இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள். ஜனங்கள் வாழும் தீவுகளில் விடுதி நடத்த மறுபடி அனுமதி கிடைத்தது 2009-10 காலத்தில். இன்று கெஸ்ட் ஹவுஸ் என்ற பெயரில் ஊர்க்காரர்களே அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஊர்த்தீவுகளுக்கு இடையே அரசு நிறுவனமான எம்.டி.சி.சி. படகுகளை ஓட்டுகிறது. நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. இந்தப் படகுதான் சாமானியனின் மாலத்தீவுக்குத் திறவுகோல்.

அந்தத் திறவுகோல் எல்லா நாளும் திறக்காது. நாங்கள் தேர்ந்தெடுத்தது மாஃபுஷி தீவை. மாலேயிலிருந்து தெற்கே 27 கிலோமீட்டர். மெதுவாகச் செல்லும் அரசுப் படகு பிற்பகல் 3 மணிக்கு. வெள்ளிக்கிழமை கிடையாது, அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை, வெள்ளி ஜும்மா நாள். நான் முதலில் பார்த்து வைத்திருந்த மலிவான விமான டிக்கெட் ஒரு வெள்ளிக்கிழமைக்கு உரியது. அதில் போயிருந்தால் தனியார் வேகப்படகுக்கு ஆளுக்கு இருபது, இருபத்தைந்து டாலர், இல்லையென்றால் மாலேயில் ஒரு ராத்திரி அறை வாடகை என்று மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்திருக்கும். அரசுப் படகில் ஆளுக்கு ஐந்து டாலர்கூட ஆகாது. சனிக்கிழமைக்கு மாற்றினேன்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தது அப்பா. "கச்சான் எடுக்குறதுக்கு முன்னால போய்ட்டு வந்துரணும்." தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தூத்துக்குடித் தோணிகள் கடலுக்குப் போகாமல் கரையில் கிடக்கும். மாலத்தீவிலும் அதே கணக்குதான். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றின் காலம், இருவாய் என்பார்கள். கடல் தெளிந்து கிடக்கும், அறை வாடகை ஏறியிருக்கும். மே மாதத்திலிருந்து ஹுல்ஹங்கு. வாடகை இறங்கும், மழையும் அலையும் கூடும். நாங்கள் ஜனவரி கடைசியை எடுத்துக்கொண்டோம். ரமலான் மாதம் எப்போது வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்த்தீவுகளில் அந்த மாதம் பகல் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். ஊரே நோன்பிருக்கும்போது விருந்தாளியும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்க வேண்டும்.

தாள் வேலை அதிகம் இல்லை. இந்தியர்களுக்கு இறங்கிய இடத்திலேயே கட்டணமில்லாமல் அனுமதி தருகிறார்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் அறைப் பதிவும் கையில் இருக்க வேண்டும். இமுகா என்ற இணையப் படிவத்தை, போய்ச் சேர்வதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், இலவசம். அறை வாடகை பார்க்கும்போதுதான் கவனம் தேவை. இணையத்தில் தெரியும் விலை பல சமயம் வரி சேராதது. சுற்றுலா வரி 17 சதவீதம், சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கு மேல் பசுமை வரி. ஊர்த்தீவின் சிறிய கெஸ்ட் ஹவுஸில் ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர். எங்கள் இருவருக்கும் மூன்று ராத்திரிக்குப் பசுமை வரி மட்டும் 36 டாலர். 55 டாலர் அறை என்று பார்த்தது கடைசியில் வேறு தொகையாக வந்து நிற்கும். இதைக் கூட்டாமல் பட்ஜெட் போடக் கூடாது.

ஒரு விஷயம் மட்டும் அப்பாவுக்குக் கஷ்டமாக இருந்தது. மதுவும் பன்றி இறைச்சியும் போல, வேற்று மத வழிபாட்டுச் சிலைகளையும் மாலத்தீவுக்குள் கொண்டுபோகத் தடை. அப்பாவிடம் ஒரு விரல் நீளத்துக்குப் பனிமய மாதா சுரூபம் இருக்கிறது. தோணி வாழ்க்கை முழுவதும் கூடவே வந்தது. பை அடுக்கும்போது அதைக் கையில் எடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை, அலமாரியில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தார்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம். ஒன்றேகால் மணி நேரம்தான். கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ள வேண்டும். இறங்கத் தொடங்கியபோது கீழே நீல மையில் சுண்ணாம்பு வளையங்கள் போட்டதுபோல் பவளத்தீவுக் கூட்டங்கள். திவேஹியில் இதை 'அதொளு' என்கிறார்கள். உலகம் முழுக்க 'அடோல்' என்று புழங்குவது இந்தச் சொல்தான். கிட்டத்தட்ட 1,200 தீவுகள். அவற்றில் ஜனங்கள் வாழ்வது 200க்கும் குறைவு. ராஜராஜ சோழன் கல்வெட்டுகள் பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாகச் சொல்வது இந்தத் தீவுகளைத்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஜன்னலோரம் இருந்த அப்பா எண்ணிக்கொண்டே வந்து பாதியில் விட்டுவிட்டார். "கீழேருந்து பாக்கும்போது இது வட்டம்னே தெரியாதுலே. ஒரு பக்கந்தான் தெரியும்."

வேலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித்தீவு. கதவைத் தாண்டி வெளியே வந்தால் ரோடு இல்லை, கடல். டாக்சிக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தில் படகுகள் நிற்கின்றன. ரிசார்ட் பெயர்ப் பலகை பிடித்த பணியாளர்களைக் கடந்து ஓரமாக நடந்தால் மாலே போகும் படகுத்துறை. சில்லறை ரூஃபியா கொடுத்தால் போதும், பத்தே நிமிஷத்தில் அக்கரை. 2018இல் கட்டிய பாலத்தில் பஸ்ஸும் போகிறது. ஆனால் அப்பா தண்ணீரில்தான் போவேன் என்றார். படகில் கால் வைத்ததும் முன்பக்க வளைவைத் தடவிப் பார்த்தார். "தோணி" என்றேன். "ஆமா, இவனுவளும் தோணின்னுதான் சொல்லுவானுவ." திவேஹியில் படகுக்குப் பெயர் தோனி.

மாலே இரண்டு சதுர கிலோமீட்டர் பரப்பளவுக்குள் ஒரு பெருநகரத்தைத் திணித்து வைத்த ஊர். பைக்குகள், பைக்குகள், அவற்றுக்கு நடுவே நடக்க ஒரு முழம் இடம். மூன்று மணிப் படகுவரை நேரம் இருந்ததால், ஹுக்குரு மிஸ்கீ என்ற பழைய ஜும்மா பள்ளிவாசலைப் போய்ப் பார்த்தோம். 1658இல் பவளப்பாறையை வெட்டிக் கட்டியது. கடலிலிருந்து எடுத்த ஈரத்தோடு இருக்கும்போது இந்தக் கல்லை மரம் மாதிரி செதுக்கலாம். காற்றுப்பட்டுக் காய்ந்தால் இறுகிவிடும். சுவரில் கொடியும் எழுத்துமாக ஓடுகிற செதுக்கலை அருகில் நின்று பார்த்தால், கல்லுக்குள் இன்னும் பவளத்தின் பூவடிவம் தெரிகிறது. அப்பா வெகுநேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அரசுப் படகு கிளம்பும் வில்லிங்கிலி முனையம் ஊரின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. விமான நிலையப் படகு வந்து சேர்வதோ வடகிழக்கில். டாக்சி பிடித்துவிடுவது நல்லது. இரண்டரைக்கே போய்ச் சேர்ந்தோம். அதற்குள் பாதி இருக்கைகள் நிறைந்துவிட்டன. முட்டை அட்டைகள், கட்டில் மெத்தை, ஒரு வாஷிங் மெஷின், தொட்டியோடு ஒரு எலுமிச்சைக் கன்று. சுற்றுலாப் பயணி என்று பார்த்தால் எங்களையும் சேர்த்து ஆறேழு பேர். மூன்று அடித்ததும் கயிற்றை அவிழ்த்தார்கள். ஓடிவந்த ஒரு பையனுக்காக அரை நிமிஷம் நிறுத்தி, கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

எங்களுக்கு எதிரே இருந்த அம்மாள் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தூத்துக்குடியா?" என்றார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். மாஃபுஷிக்கு அடுத்த குரைதூ தீவில் பள்ளிக்கூட ஆசிரியை. இந்தியாவிலிருந்து இப்படி எத்தனையோ ஆசிரியர்கள் இந்தத் தீவுகளில் வேலை பார்க்கிறார்கள்.

"அக்கா, இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஆறு வருஷம் தம்பி. முதல் மாசம் வெள்ளிக்கிழமை ஒருநாள் பல்வலி. மாலேக்குப் போணும். படகு இல்ல. அண்ணைக்கிருந்து நானும் இவங்கள மாதிரிதான். எதுன்னாலும் படகக் கணக்குப் பண்ணித்தான் செய்வேன்."

"வேகப்படகு இருக்குல்லா?"

"இருக்கு. அதுல போனா காசும் போவும், யாருகிட்டயும் பேசவும் முடியாது." அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இதுல போனா ஊர்க்கதை பூரா தெரிஞ்சுரும் பாத்தீங்களா, அப்பச்சி."

ஒன்றரை மணி நேரப் பயணம். இடையில் குல்ஹி தீவில் மெத்தையும் எலுமிச்சைக் கன்றும் இறங்கின. குல்ஹி சிறிய தீவு. கால்மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம் என்றார் ஆசிரியை. திரும்ப ஒருமுறை போவதானால் நான் அங்கேதான் இறங்குவேன். ஏனென்றால் மாஃபுஷி இப்போது மிகவும் நெருக்கமாகிவிட்டது. ஒன்றேகால் கிலோமீட்டர் நீளத் தீவில் ஆறேழு மாடி விடுதிகள் எழுந்து நிற்கின்றன. உல்லாசப் பயணக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தீவில் மது கிடையாது என்பதால் கரைக்கு எட்டாத தூரத்தில் மதுக்கூடப் படகு ஒன்று நங்கூரமிட்டு நிற்கிறது. இந்தத் தீவுதான் கெஸ்ட் ஹவுஸ் தொழிலில் முன்னே போய் மற்றத் தீவுகளுக்கு வழி காட்டியது. அதன் பலனும் பாரமும் இரண்டும் தெரிகின்றன. முதன்முறை போகிறவருக்கு இங்கே எல்லாம் எளிது: ஏ.டி.எம். இருக்கிறது, மருந்துக்கடை இருக்கிறது, வெள்ளிக்கிழமைகூட வேகப்படகு கிடைக்கும். வயதானவரோடு வந்ததால் எனக்கு அந்த எளிமை தேவைப்பட்டது.

கடற்கரையில் ஒரு பகுதியைத் தட்டி கட்டி மறைத்து 'பிகினி பீச்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். நீச்சலுடையெல்லாம் அதற்குள் மட்டும்தான். ஊருக்குள்ளும் மற்றக் கரைகளிலும் தோளும் முட்டியும் மறைய உடுத்தியிருக்க வேண்டும். இது விதி என்பதைவிட, பக்கத்து வீட்டில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்கும் தெருவில் நாம் நடக்கிறோம் என்ற நினைவு இருந்தாலே போதும்.

மறுநாள் காலைச் சாப்பாடு மாஸ் ஹுனி. சூரையைத் துருவிய தேங்காய், வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சையோடு பிசைந்து, ரோஷி என்ற மெல்லிய ரொட்டியோடு தருகிறார்கள். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "மாசிச் சம்பல்ல மாசிக்குப் பதிலா பச்ச மீனப் போட்டாப்ல இருக்கு" என்றார். திவேஹியில் மீனுக்குச் சொல்லே மாஸ்தான். நம் ஊருக்கு வரும் மாசிக்கருவாடு இங்கே அவித்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்த சூரை. வலைபோடாமல் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பதுதான் இவர்கள் சூரைமீன் பிடிக்கும் முறை.

எல்லோரும் போகிற பவளப்பாறைப் பயணத்துக்கு நாங்களும் போனோம். அப்பாவை அழைத்துப்போகலாமா என்று யோசித்தேன். அவரே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கிவிட்டார். கண்ணாடியை அணிந்துகொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவர் எடுக்கவே இல்லை. பயந்துபோய்த் தோளைத் தொட்டேன். கையை உதறி, 'விடு' என்பதுபோல் சைகை காட்டினார்.

நானும் குனிந்து பார்த்தேன். கிளிமீன்கள் கூட்டமாகப் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தன. கற்கண்டு கடிப்பதுபோல் அந்தச் சத்தம் தண்ணீருக்குள் கேட்கிறது. தின்ற பவளத்தை அவை அரைத்து வெளியே விடும் துகள்தான் இந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு. ஒரு ஆமை எங்களைக் கண்டும் காணாமலும் கடந்தது. ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. சாம்பல் நிறத்தில் எலும்புக்கூடாக உதிர்ந்து கிடக்கும் திட்டுகளையும் பார்த்தோம். அதன்மேல் கால் ஊன்றாதீர்கள் என்று வழிகாட்டிப் பையன் திரும்பத் திரும்பச் சொன்னான். உயிர்ப்பவளம் விரல்பட்டாலும் நோகும். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் ஊருக்கு எடுத்துப்போகத் தடை.

படகில் ஏறியதும் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முப்பது வருசம் இதுக்கு மேல ஓடிருக்கேன்லே. கீழ என்ன இருக்குன்னு ஒருநாளும் பாத்தது இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். தோணிக்குப் போவதற்கு முன்னால், இளவயதில், தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளின் பார்களிலிருந்து, அதாவது பவளப்பாறைத் திட்டுகளிலிருந்து, பவளக்கல் பெயர்த்து வல்லத்தில் ஏற்றிவந்திருக்கிறார். சுண்ணாம்புக் காளவாய்க்கு. அன்றைக்கு அது எல்லோரும் செய்த பிழைப்பு. 2001இல்தான் இந்தியாவில் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குள் பார் தேய்ந்து, அலையைத் தடுக்க ஆளில்லாமல், விலாங்குச்சல்லி என்ற தீவு கடலுக்குள் போய்விட்டது. "அந்தப் பள்ளிவாசல் சுவரப் பாத்தப்பவே நெனச்சேன். அவனுவ கட்டிடமாவது கட்டி வச்சிருக்கானுவ. நாங்க சுட்டுப் பொடியாக்கிட்டோம்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை துறையோரம் ஜோலியில் உட்கார்ந்தோம். இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னிய சாய்மானம். தீவுக்குத் தீவு, வீட்டுக்கு வீடு இருக்கிறது. வயசாளிகள் நாலுபேர் ஏற்கெனவே இருந்தார்கள். அப்பா தோணிக்காரர் என்று விடுதிப் பையன் சொன்னதும் இடம் ஒதுக்கித் தந்தார்கள். அவர்களுக்கு நகை என்று ஒரு கணக்கு உண்டு: வருஷத்தை 27 ஆகப் பிரித்து, பதின்மூன்று பதினான்கு நாளுக்கு ஒரு பெயர். எந்த நகையில் எந்தக் காற்று, எந்த மீன் என்று அதை வைத்தே சொல்வார்கள். ஒரு பெரியவர் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டு போனார்: அஸ்ஸிதா, புருனு, கெதி, ரோனு...

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அசுவதி, பரணி, கார்த்திகை, ரோகிணி" என்றார்.

பெரியவர் நிறுத்தினார். பிறகு அடுத்ததை மெதுவாகச் சொன்னார்: "மியஹெலியா." அப்பா: "மிருகசீரிடம்." "அதா." "திருவாதிரை." இப்படியே போனது. 27ம் முடிகிறவரை வேறு யாரும் பேசவில்லை. அந்தப் பழைய கணக்கில் அஸ்ஸிதாவில்தான் தென்மேற்குக் காற்றின் காலம் தொடங்குகிறது, ஏப்ரலிலேயே. தோணிகளைக் கரையேற்றும் நாள் பார்க்க அப்பாவும் அதே சமயத்தில்தான் வானத்தைப் பார்க்கத் தொடங்குவாராம்.

திரும்பும் படகு காலை ஏழரைக்கு. நாள் தப்பினால் விமானமும் தப்பிவிடும் என்பதால், திரும்பும் நாளைக் குறித்துவிட்டுத்தான் வருகிற நாளையே குறித்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் மாலே. விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வடக்குக் கரையோரமாக நடந்தோம். மீன்சந்தைக்கு எதிரே பல தீவுகளிலிருந்து வந்த படகுகள் நெருக்கியடித்து நின்றன. அப்பா ஓரிடத்தில் நின்று சுவரைக் காலால் தட்டினார். "இதுக்கிட்டதான் கட்டுவோம். அப்ப இந்தக் கட்டடம் ஒண்ணுமே கெடையாது." இப்போது அங்கே தர்ப்பூசணி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

சந்தைக்குள் ஒரு கடையில் மாசி அடுக்கியிருந்தது. கரியநிறம், விறகுக்கட்டை மாதிரி. அப்பா இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். நங்கென்று சத்தம் வந்ததைத் தனியே வைத்தார், மொத்தென்று கேட்டதைத் திருப்பி வைத்தார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த வேறொரு பெட்டியை இழுத்து அப்பாவுக்கு முன்னால் வைத்தார்.